முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டரும் ரெண்டு நாயும்

"நாயா அலைஞ்சேன்"னு சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லுவோம் இல்லீங்களா, போன பங்குனியில அதை நெசமாவே செஞ்சு பார்த்தேன். பெங்களூர்ல இருந்து காங்கயம் பக்கத்துல இருக்கற எங்க ஊருக்கு, மாரியம்மன் நோம்பிக்கு, ரெண்டு நாயையும் பின்சீட்டுல ஏத்திக்கிட்டு ஒரு பயணம். கூகுள் மேப் ஆறு மணி நேரம்னு சொல்லுச்சு. எனக்கு ஆனது பதினொன்னே கால் மணி நேரம். கூகுளுக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை போல :)

அந்த ஒரு நாள் பூரா ஓட்டிட்டு வந்ததுல எனக்குன்னு ஒரு கருத்து உருவாகியிருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, பின்சீட்டுல இருந்த ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்திடறேன்.

முதல் ஆள் மணி. அக்மார்க் நாட்டு நாய். எங்க அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் ரூம் பின்னாடி பிறந்தவன். (வீட்டுல தங்கமணி வேற இருக்கறதால, "மணி சாப்டாச்சா"ன்னு கேட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பாங்க.) ரெண்டாவது ஆள் லட்டு. லாப்ரடார். கடையில வாங்கினது இல்லை, ரோட்டுல கிடைச்சது.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி, ஆயுதபூஜை லீவு முடிஞ்சு ஊர்ல இருந்து திரும்பி வர்றோம். கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்தின இடத்துல, ரோட்டோரமா ஒரு லாப்ரடார் உக்காந்திருந்தது. கழுத்துல பெல்ட் இருக்கு, ஆனா ஆளைக் காணோம். வண்டி வந்து நிக்கறப்பல்லாம் எந்திரிச்சு ஓடிப் போய்க் கதவுகிட்ட நிக்கும். யாராவது எறங்குவாங்க, அது மொகத்தைப் பாக்கும், திரும்பி வந்து அதே இடத்துல உக்காந்துக்கும். அதுலயும் வெள்ளைக் காருக்கு மட்டுந்தான் எந்திரிச்சது. டீக்கடை அக்கா, "மூணு நாளா இப்பிடித்தான் உக்காந்திருக்கு. சோறு வச்சாலும் அந்த எடத்தை விட்டு வர மாட்டேங்குது"ன்னு சொன்னாங்க. எங்க காரும் வெள்ளை. அவ்வளவுதான் கதை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நோம்பிக்கு வர்றோம்னு போன் பண்ணப்ப அப்பா சொன்ன முதல் வார்த்தையே, "நாயைக் கொண்டாராதே கண்ணு". அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரே ராத்திரியில எங்க பட்டியில ஒம்போது ஆடு போச்சு. ஒன்னையும் முழுசாத் தின்னல. கழுத்தைக் கடிச்சுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருக்குதுக. விடியக்காலம் போய்ப் பார்த்த அம்மா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை.

எங்க பக்கம் தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. காங்கயம் சீமையில கொறங்காடுன்னு ஒன்னு உண்டு. மானாவாரி மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை முள்ளு வேலி. ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திட்டா ஆள் காவல் இருக்க வேண்டியதில்லை. தாத்தன் பாட்டன் காலத்துல இருந்து வேலிதான் காவல். அதிகபட்சம் குள்ளநரி வரும். இந்த ஏற்பாடு முழுக்க, ராத்திரி யாரும் உள்ளே வர மாட்டாங்கங்கற ஒரே நம்பிக்கையில நிக்கறது. நாய்க்கூட்டம் வேலிச் சந்துல பூந்த அன்னிக்கு அந்த நம்பிக்கை போச்சு. 2024, 2025-ல காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம்னு எங்க பக்கம் பூராவும் இதே கதை. செத்த ஆட்டைக் கொண்டாந்து ரோட்டுல போட்டு விவசாயிங்க போராட்டம் பண்ற அளவுக்குப் போச்சு.

அப்ப நாயை எங்கயாவது விட்டுட்டு வந்திருக்கலாமே? மணியை விடலாம். எங்க போட்டாலும் தின்னுட்டுத் தூங்குவான். லட்டுவை ஒரு தடவை காசு வாங்கிட்டுப் பாத்துக்கற இடத்துல ரெண்டு நாள் விட்டோம். ரெண்டு நாளும் தண்ணி கூடக் குடிக்காம கேட்டைப் பாத்தே உக்காந்திருந்துச்சாம். ஒரு தடவை விட்டுட்டுப் போனவங்க வரவே இல்லைங்கறது அதுக்குத் தெரியும். தங்கமணி தீர்மானமாச் சொல்லிட்டா, "அது வரலைன்னா நானும் வரலைங்க". பஸ்ஸை நினைச்சே பாக்க முடியாது. ரயில்ல போகணும்னா முதல் வகுப்பு ஏசியில முழுக் கூப்பேயும் நம்ம பேர்ல இருக்கணும். இல்லாட்டி கார்டு பெட்டியில இருக்கற நாய்க்கூண்டு. கூண்டுல போட்டா லட்டு என்ன ஆகும்னு தெரியும். அதனால கார்தான்.

காலையில நாலரைக்குக் கெளம்பினோம். முதல் நாள் ராத்திரி பாதி வயித்துக்குச் சோறு, கெளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொஞ்சம் தண்ணி. நெஞ்சோட சேத்துக் கட்டற வார் ரெண்டு வாங்கி சீட் பெல்ட்டோட மாட்டியாச்சு. டாக்டர்கிட்ட சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. நம்ம ஊர்ல 1978-லயே விலங்குகளைக் கொண்டுபோறதுக்கு மத்திய அரசு விதி போட்டிருக்கு. நாய், பூனையை ரயில்லயோ ரோட்டுலயோ கொண்டுபோனா, பயணத்துக்குத் தகுதியா இருக்கு, வெறிநோய் இல்லைன்னு கால்நடை டாக்டர் எழுதித் தரணும். எனக்கே இந்தத் தடவைதான் தெரியும். அத்திப்பள்ளியில எல்லை தாண்டறப்ப பைலை எடுத்துக் கையில வச்சிருந்தேன். யாரும் கேக்கலை. நாப்பத்தஞ்சு பக்கம் டாக்குமெண்ட் எழுதி யாருமே படிக்காத சாப்ட்வேர்க்காரன் மாதிரி ஆயிடுச்சு என் நிலைமை.

ஓசூர் தாண்டி வெளிச்சம் வந்தப்ப எல்லாம் அருமையாத்தான் இருந்தது. மணி ஜன்னல் சந்துல மூக்கை வச்சு ஒவ்வொரு ஊரையும் மோந்து பாத்துட்டு வந்தான். கிருஷ்ணகிரி நெருங்கறப்பத்தான் லட்டு எந்திரிச்சு உக்காந்துச்சு. முனகல் இல்லை, குரைக்கல. உடம்பு மட்டும் நடுங்குது. அந்த டீக்கடை வர்றதுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. வாசனையோ, வண்டி திரும்பற தினுசோ, எது சொல்லுச்சோ தெரியாது. தங்கமணி பின்னாடி போய் அதும் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. நான் நிறுத்தாம ஓட்டிட்டுப் போயிட்டேன். ஆறு கிலோமீட்டர் தள்ளித்தான் நடுக்கம் நின்னுச்சு.

ஏழரைக்கு டிபன். ரோட்டு மேல பளபளன்னு ஒரு பெரிய ஓட்டல். நாயை உள்ளே விடுங்கன்னு நான் கேக்கலை. அடுத்தவங்க சாப்பிடற இடம், விடக் கூடாதுங்கறதுதான் என் கட்சியும். கார் நிறுத்தற இடத்துல மரத்தடியில கட்டி வச்சு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சாப்பிட்டுக்கறோம்னு கேட்டேன். "நாய் வச்சிருந்தா வண்டியை வெளிய எடுங்க சார்"னு வாட்ச்மேன் தடியைத் தட்டினார். வெளிய எடுத்தா அது ஹைவே ஓரம். லாரி போற காத்துலயே நாய் பறந்துடும்.

கார்லயே பூட்டி வச்சுட்டுப் போலாமேன்னு நிறைய பேர் பண்றாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. வெளியில 30 டிகிரி வெயில்னா, மூடின காருக்குள்ள அரை மணி நேரத்துல 45-ஐத் தாண்டும். ஜன்னலை ரெண்டு விரக்கடை இறக்கி வைக்கறது பெருசா உதவாது. நமக்கு உடம்பு பூரா வேர்க்கும். நாய்க்கு வேர்வைச் சுரப்பி முக்கியமாப் பாதத்துல மட்டுந்தான், மிச்சச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்கணும். உள்ளே இழுக்கற காத்தே கொதிச்சா எதைத் தணிக்கறது? நாம ரெண்டு பொங்கல் ஒரு வடை சாப்பிட்டு காபிக்குக் காத்திருக்கற நேரத்துல அது செத்துப் போயிடும்.

கடைசியில ஒரு புளியமரத்தடி இட்லிக் கடையில நிறுத்தினோம். அங்க இருந்த அம்மா கேக்காமயே ஒடைஞ்ச மண்சட்டியில தண்ணி கொண்டாந்து வச்சாங்க. அவங்க சொன்னதுதான் இட்லியை விடச் சூடா இருந்துச்சு. "லீவு முடிஞ்சு வண்டிக திரும்பற வாரம் பாருங்க சார், இந்த ரோட்டுல புதுசு புதுசா நாய் திரியும். எல்லாம் சடைநாய், கொழுகொழு நாய். ஒரு மாசத்துல பாதி லாரியில அடிபட்டுச் செத்துரும். மிச்சம் காட்டுப்பக்கம் போயிரும்." காட்டுப்பக்கம் போனது என்னத்தைத் தின்னு பொழைக்கும்னு நான் கேக்கலை. எங்க வீட்டுல ஒம்போது ஆடு போன கதை எனக்குத் தெரியுமே.

தொப்பூர் கணவாய் இறக்கத்துல மணி என் லேப்டாப் பை மேல வாந்தி எடுத்தான். அவ்வ்வ்வ்வ். சேலம் தாண்டறதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு. தார் ரோட்டுல புறங்கையை வச்சு ஏழு எண்ணிப் பாருங்க, எண்ண முடியலைன்னா நாய் அதுல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். நான் மூணு வரைக்கும்தான் எண்ணினேன். சங்ககிரி பக்கம் ஒரு வேப்பந்தோப்புல வண்டியை நிறுத்தி, பன்னெண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் நாலு பேரும் மல்லாந்து கெடந்தோம். ஆபீஸ்ல இருந்து மூணு போன். "ரோட்டுல இருக்கேன்"னு சொன்னேன். பொய் இல்லையே!

அங்க படுத்துக் கெடந்தப்பத்தான் இந்தக் கணக்கெல்லாம் மனசுல ஓடுச்சு.

2019 கால்நடைக் கணக்கெடுப்புல இந்தியாவுல தெருநாய் 1.53 கோடி. 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துல அடைக்கச் சொல்லுச்சு. அதே மாசம் 22-ம் தேதி அதை மாத்தி, கருத்தடை பண்ணி ஊசி போட்டுப் பிடிச்ச எடத்துலயே விடுங்க, வெறிநோய் வந்ததையும் ஆக்ரோஷமானதையும் மட்டும் விடாதீங்கன்னுச்சு. நவம்பர் 7-ம் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துல பிடிக்கறதை அங்கயே திருப்பி விடக் கூடாதுன்னு இன்னொரு உத்தரவு. ஒவ்வொரு தடவையும் நாட்டுல ரெண்டு கட்சி. "நாயும் உயிர்தானே"ன்னு ஒன்னு, "எங்க ஆடும் எங்க பிள்ளையும் உயிர் இல்லையா"ன்னு இன்னொன்னு. நான் ரெண்டு கட்சியிலும் சொந்தக்காரன். பின்சீட்டுல ஒரு கட்சி, ஊர்ல அப்பா ஒரு கட்சி.

ரெண்டு கட்சியும் பேசறது, தெருவுக்கு வந்து சேந்த நாயை என்ன பண்றதுன்னுதான். தெருவுக்கு அது எப்படி வந்துச்சுன்னு பேச ஆள் கம்மி. எல்லாத் தெருநாயும் யாரோ இறக்கி விட்டது இல்லை, ஒத்துக்கறேன். மணி தெருவுலயே பிறந்தவன். கறிக்கடைக் கழிவையும் பண்ணையில செத்த கோழியையும் ரோட்டோரம் கொட்டறதும் கூட்டத்தை வளர்க்குது. பல்லடம் ரோட்டுல போனா மூக்கே சொல்லிடும். அதுக்கு மாநகராட்சியும் ஊராட்சியும் கருத்தடை பண்ணட்டும், கழிவைக் கொட்டறவனுக்கு அபராதம் போடட்டும். ஆனா நாம இறக்கி விடறதுக்கு யார் பொறுப்பு?

திருப்பூரையே எடுத்துக்கங்க. பனியன் கம்பெனி கேட்டுல, லைன் வீட்டு வாசல்ல நாய் இல்லாத எடம் உண்டா? வேலைக்கு வந்த பிள்ளைக சோறு போட்டுப் பேர் வச்சு வளர்ப்பாங்க. தீபாவளி, பொங்கல்னா ஊரே காலியாகும். தெக்க போற பஸ்ஸெல்லாம் நிறையும். பத்து நாள் அந்த நாய்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது, சோறும் இருக்காது. வேலைக்கு வந்த பிள்ளைகளைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. அவங்களுக்கே பஸ்ஸுல நிக்க எடமில்லை. நான் சொல்றது, இருபதாயிரம் குடுத்துக் குட்டி வாங்கி, பர்த்டே கேக் வெட்டி, ரெண்டு வயசுல "வளர்ந்துடுச்சு, முடி கொட்டுது"ன்னு ஹைவேயில கதவைத் தெறந்து விடறவங்களை. லட்டு கழுத்துல இருந்தது தோல் பெல்ட். நல்ல விலை இருக்கும்.

பெருந்துறையில மெயின் ரோட்டை விட்டுச் சென்னிமலை பக்கம் திரும்பினோம். சென்னிமலை தாண்டினதும் ரோட்டை அடைச்சுக்கிட்டு ஒரு ஆட்டு மந்தை. இருநூறு உருப்படி இருக்கும். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி குடும்பம். அறுவடை முடிஞ்ச வயல்ல கிடை போட்டுக்கிட்டே ஊர் ஊரா நடந்து வர்றவங்க. ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம், அதுக்கு நிலத்துக்காரர் நெல்லோ காசோ குடுப்பார். மந்தைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நாட்டு நாய். பெல்ட் இல்லை, கயிறு இல்லை. எங்க காரைப் பாத்துட்டு ஒன்னு மந்தைக்கும் காருக்கும் நடுவுல வந்து நின்னுக்கிச்சு. மணி உள்ளே இருந்து குரைச்சு மானத்தை வாங்கினான்.

வண்டியை ஓரங்கட்டி, பெரியவர்கிட்டப் பேச்சுக் குடுத்தேன். நாயை வச்சுக்கிட்டு இம்புட்டுத் தூரம் எப்படிங்கய்யா நடக்கறீங்கன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "நாயி எங்க தம்பி நடக்கமாட்டேங்குது? குட்டி நடக்குற தூரந்தேன் எங்களுக்குத் தூரம். வெயிலேறுனா மரத்தடியில ஒக்காந்துருவோம்." ரோட்டுல போறப்ப வண்டி வர்ற பக்கம் அவர் நடக்கறார், வயல் பக்கம் நாய் நடக்குது. ராத்திரி கிடையில ஆளு தூங்குது, நாய் முழிச்சிருக்கு. சோறு பொங்கினா நாய்க்கும் சேத்துத்தான் பொங்கறது.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. பதினொரு மணி நேரமா நான் என்னமோ பெரிய சாகசம் பண்ற மாதிரி நெனச்சுட்டு வந்தேன். இவங்க வருஷத்துல பாதி நாள் இப்படித்தான் போறாங்க. எங்க பட்டியில ஆட்டைக் கடிச்சதும் நாய்தான், இங்க ஆட்டைக் காக்கறதும் நாய்தான். ஒன்னுக்கு ஆள் இருக்கு, இன்னொன்னுக்கு ஆள் இல்லை. எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால என் கருத்து இதுதாங்க. நாய்க்குட்டி வாங்கப் போறீங்கன்னா ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கங்க: ஆறு மணி நேரப் பயணத்தைப் பதினொரு மணி நேரமா ஆக்கிக்க நான் தயாரா? இல்லைன்னா, நான் இல்லாத நாள்ல பாத்துக்க ஒரு ஆள் இருக்காங்களா? ரெண்டுக்கும் பதில் இல்லைன்னா வாங்காதீங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. அரசாங்கத்துக்கும் ஒன்னு. ரெண்டு சக்கர வண்டியை ரோட்டுல விட்டுட்டுப் போனாக் கூட நம்பர் பிளேட்டை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடறோம். அரிசி அளவு மைக்ரோசிப் ஒன்னை நாயோட தோலுக்கடியில வச்சா அதுலயும் கண்டுபிடிக்கலாம். சென்னை மாநகராட்சி 2025-ல வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் வேணும்னு கொண்டாந்துச்சு. அது சென்னையோட நின்னுடக் கூடாது. கிருஷ்ணகிரி ரோட்டுக்கும் காங்கயத்துக்கும்தான் அது ரொம்பத் தேவை. குட்டி விக்கறவங்க சிப் வைக்காம விக்கக் கூடாதுன்னு ஆக்கினா, கதவைத் தெறந்து விடற கை கொஞ்சம் யோசிக்கும்.

மூணே முக்காலுக்கு வீட்டுக்குப் போய்ச் சேந்தோம். அப்பா திண்ணையில உக்காந்திருந்தார். நாய் ரெண்டையும் பாத்தார், ஒன்னும் பேசலை. அம்மாதான், "வாங்க சாமி, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு எல்லாருக்கும் பொதுவாச் சொல்லி வச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா, "ஊசி போட்டிருக்குதா?"ன்னு கேட்டார். பைலைக் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அத்திப்பள்ளியில யாரும் கேக்காத அந்தச் சர்டிபிகேட்டை முழுசாப் படிச்சார். அப்புறம் எந்திரிச்சுப் போய் மாட்டுக் கயிறு ரெண்டு எடுத்தாந்து, பட்டியில இருந்து தள்ளி, வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்துல அவரே முடிச்சுப் போட்டுக் கட்டினார். நான் கட்டின முடிச்சு மேல நம்பிக்கை இல்லை.

மூணு நாளும் அவர் அதுகளைத் தொடலை. கொஞ்சவும் இல்லை. நாலாவது நாள் காலையில நாங்க ஆறு மணிக்குக் கெளம்பலாம்னு பேசிக்கிட்டிருந்தப்ப, வாசல்ல இருந்து குரல் மட்டும் வந்துச்சு:

"ஆறு மணின்னா வெயில் புடிச்சுக்கும் கண்ணு. நாலுக்கே கெளம்புங்க. அந்தக் கொழுத்ததுக்கு இப்பவே மூச்சு வாங்குது."

நாலுக்கே கெளம்பினோம்.